ஊசியோடு எதைச் சேர்ப்பது? பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துகள்: ஓர் ஒப்பீடு

"அப்பாவுக்கு ஹார்மோன் ஊசி போட்டாச்சு. கூடவே ஒரு மாத்திரையோ கீமோவோ சேர்க்கணும், எதுன்னு வீட்டுல பேசிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்களுக்கு என்ன தெரியும்?"

போன ஆறு மாதத்தில் இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் பிள்ளைகள், நாலாமவர் நோயாளியே. நான் டாக்டர் இல்லை. என் பெரியப்பா மூன்று வருடமாக இந்த மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்டு வருகிறார். அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவது நான். அந்த அலைச்சலில் படித்ததையும் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். முடிவு அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது.

இது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டுபிடித்தபோதே எலும்புக்கோ வேறு இடத்துக்கோ பரவியிருந்து, ஹார்மோன் சிகிச்சையை இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்கு. நோய் புராஸ்டேட்டுக்குள்ளேயே இருப்பவர்களின் கணக்கு வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே வைக்கிறேன். ஆயுளைக் கூட்டுவதில் இந்த மருந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த உடம்பு எதைத் தாங்கும், எந்த வீடு எதைச் சமாளிக்கும் என்பதில்தான் வித்தியாசம். தாங்கக்கூடிய ஒருவருக்கு எதையும் சேர்க்காமல் வெறும் ஊசியோடு நிறுத்திக்கொள்வதுதான் உண்மையான தவறு. வருத்தம் என்னவென்றால், அதிகம் நடப்பதும் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது. ஆய்வுகளில் 'அதிகப் பரவல்' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நுரையீரல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளில் பரவியிருக்க வேண்டும். அல்லது எலும்பில் நாலு இடமாவது இருந்து, அதில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் வெளியே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் குறைந்த பரவல். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி "இது இரண்டில் எது?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் நோய்கள். சுகர், பிரஷர், இதயம், கல்லீரல், வலிப்பு, அடிக்கடி தடுக்கி விழுவது. மூன்றாவது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். நாலாவது பணம், அதிலும் எத்தனை மாதத்துக்கு என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: வீட்டில் மருந்தை எடுத்துக் கொடுக்கப்போவது யார்? ரத்தப் பரிசோதனைக்கு லேப் எவ்வளவு தூரம்?

## அடித்தளம்: ஊசியா, ஆபரேஷனா

எந்த மருந்தைச் சேர்த்தாலும், இந்தப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதுதான் அஸ்திவாரம். 1941-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், விதைகளை நீக்கினால் பரவிய புராஸ்டேட் புற்றுநோயும் அடங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு வாங்கினார். மூளையிலிருந்து வரும் கட்டளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஷாலிக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. இன்றைய லூப்ரோலைட், கோசரலின் ஊசிகள் அந்த வேலையிலிருந்து வந்தவை.

விதைகளை நீக்கும் ஆபரேஷன் ஒரே நாளில் முடிகிற சின்ன அறுவை. ஒரே செலவு. ஒரு நாளுக்குள் ஹார்மோன் இறங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்காக ஊரிலிருந்து பஸ் ஏற வேண்டாம். திரும்பப் பெற முடியாது என்பதுதான் அதன் விலை. சில ஆண்களுக்கு அது மனதில் ஆறாத காயமாக நின்றுவிடுகிறது. "வயசாச்சு, இனிமே என்ன" என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்யும் காட்சியை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அதைப் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக.

ஊசியில் இரண்டு மறைமுகச் சிக்கல்கள். லூப்ரோலைட் வகை ஊசி முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோனை இறக்காமல் ஏற்றிவிடும். அதைத் தடுக்க பைகலுடமைட் மாத்திரையைக் கொஞ்ச நாள் சேர்த்துக் கொடுப்பார்கள். முதுகுத்தண்டு நரம்பு அழுந்தும் நிலையில் இருப்பவருக்கு இந்த ஏற்றமே ஆபத்து. அவருக்கு ஆபரேஷனோ, மூன்று நாளில் ஹார்மோனை இறக்கும் டெகாரெலிக்ஸ் ஊசியோ பொருத்தம். ஆனால் டெகாரெலிக்ஸை மாதாமாதம் போட வேண்டும். இரண்டாவது சிக்கல் மறதி. ஊசித் தேதி தள்ளிப்போனால் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும்.

ஊசிக்குப் பதில் தினமும் ஒரு மாத்திரையாக ரெலுகோலிக்ஸ் வந்திருக்கிறது. 2020-ல் வெளியான ஹீரோ ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் லூப்ரோலைட் போட்டவர்களில் 6.2 சதவீதம். இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.9 சதவீதம். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு நாள் விட்டால் என்ன, இரண்டு நாள் விட்டால் என்ன என்று இருப்பவருக்கு ஊசியே நல்லது.

சரி, அடித்தளம் போட்டாயிற்று. அதன் மேல் எதைக் கட்டுவது?

## டோசிடாக்சல் கீமோ: பதினெட்டு வாரம், ஆறு தடவை

ஹக்கின்ஸுக்குப் பிறகு எழுபது வருடத்துக்கும் மேலாகத் தொடக்கச் சிகிச்சை என்றால் ஹார்மோன் அடக்கம் மட்டும்தான். ஊசி தோற்ற பிறகு கீமோ என்பதுதான் வழக்கம். அதைப் புரட்டிப்போட்டது கிறிஸ்டோபர் ஸ்வீனி தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2015-ல் வெளியான சார்ட்டட் ஆய்வு. 790 பேரில் ஒரு பாதிக்கு ஊசி மட்டும், மறுபாதிக்கு ஊசியோடு ஆரம்பத்திலேயே ஆறு டோசிடாக்சல். ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 44 மாதம். கீமோ சேர்த்தவர்களில் 57.6 மாதம். அதிகப் பரவல் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 32.2 மாதம் 49.2 ஆனது. குறைந்த பரவல் உள்ளவர்களுக்கு நீண்ட காலத்தில் லாபம் எதுவும் தெரியவில்லை.

கீமோவின் பெரிய சௌகரியம், அது முடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை, அத்தோடு சரி. மாத்திரைக் கணக்கு வருடக்கணக்கில் ஓடுவது. மாதாமாதம் மருந்து வாங்க முடியாத குடும்பத்துக்கு, நிறைய பரவியிருந்தால், கீமோ மலிவான வழியாக முடியலாம். டே-கேரில் ஏற்றுவதால் காப்பீட்டில் கோருவதும் பெரும்பாலும் எளிது. வெளியே வாங்கும் மாத்திரைக்குப் பணம் கொடுக்கும்போதுதான் காப்பீட்டு நிறுவனங்கள் இழுத்தடிக்கும். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மறைமுகச் செலவு காய்ச்சல். மருந்து ஏறிய ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணு தரைமட்டத்துக்கு இறங்கும். சார்ட்டட்டில் 100 பேரில் சுமார் 6 பேருக்கு அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குரோசின் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த அட்மிஷன், அணுவை ஏற்றும் ஊசி, கூட இருப்பவரின் லீவு, எல்லாவற்றையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். அப்புறம் விரல் நுனி மரத்துப்போவது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறும் அளவுக்குச் சிலருக்குப் போகும். சுகரால் ஏற்கெனவே கால் மதமதப்பு உள்ளவர் டாக்டரிடம் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

யாருக்கு நல்லது: அதிகப் பரவல், நடமாட்டமும் சாப்பாடும் நன்றாக இருப்பவர், சீக்கிரம் முடித்துக்கொள்ள விரும்புபவர். யாருக்கு வேண்டாம்: குறைந்த பரவல், படுக்கையோடு இருப்பவர், ஆஸ்பத்திரி இரண்டு மூன்று மணி நேரப் பயண தூரத்தில் உள்ளவர்.

## அபிராடிரோன்: காலை ஐந்து மணி மாத்திரை

இது லண்டனில் பிறந்த மருந்து. புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் கைமாறி, வேண்டாம் என்று திருப்பியும் கொடுக்கப்பட்டுக் கிடந்தது. அதை மனிதர்களிடம் சோதித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அதே நிறுவனத்திலும் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையிலும் பணியாற்றும் யோஹான் டி போனோ. விதைகளை நிறுத்தினாலும் அட்ரீனல் சுரப்பியும் புற்றுக் கட்டியுமே கொஞ்சம் ஆண் ஹார்மோனைத் தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்புக்குத் தேவையான நொதியை இந்த மருந்து முடக்குகிறது. 2011-ல் வந்த பெரிய ஆய்வில், கீமோவும் தோற்ற 1,195 நோயாளிகளில், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 10.9 மாதத்திலிருந்து 14.8 மாதமாக உயர்ந்தது.

நாலு மாதம்தானா என்று தோன்றும். கடைசிக் கட்டத்தில் நாலு மாதம் கொடுத்த அதே மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்று 2017-ல் இரண்டு ஆய்வுகள் காட்டின. கரீம் ஃபிசாசி தலைமையிலான லாட்டிட்யூட் ஆய்வின் இறுதிக் கணக்கில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 36.5 மாதத்திலிருந்து 53.3 மாதமானது. நிக்கோலஸ் ஜேம்ஸ் தலைமையில் பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் 1,917 பேர். மூன்று வருடம் கழித்து ஊசி மட்டும் போட்டவர்களில் 76 சதவீதமும், அபிராடிரோன் சேர்த்தவர்களில் 83 சதவீதமும் உயிரோடிருந்தார்கள்.

ஆய்வுக்கு ஆய்வு நோயாளிகள் வேறு. அதனால் 53.3-ஐயும் 57.6-ஐயும் பக்கத்தில் வைத்து 'கீமோ ஜெயித்தது' என்று சொல்வது தப்புக் கணக்கு. நேருக்கு நேர் ஒப்பீடு ஸ்டாம்பீட்டுக்குள்ளேயே கிடைத்தது. ஒரே காலத்தில் சேர்ந்த 566 பேரில் சிலருக்கு டோசிடாக்சல், சிலருக்கு அபிராடிரோன். மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நான் முதலில் சொன்ன கருத்துக்கு அடிப்படை இதுதான்.

இனி வீட்டுக்குள் வருவோம். 250 மில்லிகிராம் மாத்திரை நாலு, தினமும் வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பெரியப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கணக்காகச் செய்கிறவர். காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டு, ஐந்து மணிக்கு நாலு மாத்திரை, டிக் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். முதல் மாதப் பரிசோதனையில் பிரஷர் எகிறியிருந்தது. பேசிப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. நாலே முக்காலுக்குப் பெரியம்மா கொடுக்கும் பால் காபியை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை! பிரஷருக்குக் காரணம் அந்தக் காபிதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், இந்த மருந்தே பிரஷரை ஏற்றக்கூடியது. ஆனால் காபி அன்றோடு ஆறு மணிக்கு மாறியது.

சாப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம்? கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு போட்டால் இந்த மருந்து உடம்பில் ஏறும் அளவு ஐந்து மடங்காகும். கொழுப்பு மிகுந்ததோடு போட்டால் பத்து மடங்கு. நெய்ப் பொங்கல், வடைக்கு மேல் நாலு மாத்திரை என்பது விளையாட்டில்லை.

இதையே திருப்பி யோசித்தார் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்முலெவிட்ஸ். சாப்பாட்டோடு அதிகம் ஏறுகிறது என்றால், நாலுக்குப் பதில் ஒன்றே போதாதா? 2018-ல் வெளியான அவருடைய ஆய்வில் 72 பேர். ஒரு பகுதியினருக்கு வெறும் வயிற்றில் நாலு மாத்திரை, மற்றவர்களுக்குக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு ஒன்று. நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவான பி.எஸ்.ஏ. மூன்று மாதத்தில் இறங்கியதில் ஒற்றை மாத்திரை பின்தங்கவில்லை. மருந்துச் செலவு நாலில் ஒரு பங்கு. அமெரிக்காவின் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதலிலும் இதற்கு ஒரு மாற்று வழியாக இடம் கிடைத்தது. நம் நாட்டிலும் காசு கட்டுப்படியாகாதவர்களுக்கு இதைக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நான் இதை ஆதரிக்கிறேன், ஒரு கவனத்தோடு. 72 பேர் என்பது சின்ன ஆய்வு. அதுவும் ஊசிக்கு அடங்காத கட்டத்தில் இருந்தவர்களிடம் செய்தது. அளந்தது பி.எஸ்.ஏ.வை, ஆயுளை அளக்கவில்லை. ஆகவே முழு அளவு வாங்க முடிந்தவர் முழு அளவே போகட்டும். முடியாதவர், பாதி மாதம் சாப்பிட்டுப் பாதி மாதம் நிறுத்துவதற்குப் பதிலாக, "சாப்பாட்டோடு ஒரு மாத்திரை முறை எங்களுக்குச் சரிவருமா?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னால் தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடு, இட்லியும் சாம்பாரும் போல. நீங்களாக மாற்றாதீர்கள்.

இந்த மருந்தோடு பிரெட்னிசோலோனும் தினமும் உண்டு. வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் பாயும். அந்த நொதியை அடைக்கும்போது அட்ரீனலில் உப்பைத் தேக்கும் ஹார்மோன் பெருகுகிறது. பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். அதைத் தணிக்கத்தான் இந்த ஸ்டீராய்டு. ஸ்டீராய்டால் சுகர் ஏறும். அளவு குறைவுதான் என்றாலும் ஏற்கெனவே சுகர் 250-ல் நிற்பவருக்கு அது கூடுதல் தலைவலி. திடீரென்று நிறுத்தவும் கூடாது. வேறு ஆபரேஷன் எதற்காவது போனால் இதை முதலில் சொல்ல வேண்டும். லிவர் டெஸ்ட் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிரஷரும் பொட்டாசியமும் மாதாமாதம். வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்கி வையுங்கள்.

கால் வீக்கத்துக்கோ பிரஷருக்கோ வேறொரு டாக்டர் ஸ்பைரனோலாக்டோன் எழுதினால், புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் போடாதீர்கள். புற்றணுவில் ஆண் ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பியை அது தூண்டக்கூடியது. ஒரு பக்கம் அணைத்து மறுபக்கம் ஊதுகிற கதையாகிவிடும்.

யாருக்கு நல்லது: அதிகப் பரவலோ குறைந்த பரவலோ, கீமோ தாங்காதவர், வலிப்பு வந்தவர், பட்ஜெட் பார்க்க வேண்டியவர். யாருக்கு வேண்டாம்: அடங்காத சுகர், இதயம் பலவீனமாகி நீர் கோப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர், பக்கத்தில் லேப் இல்லாதவர்.

## என்சாலுடமைட்: ஸ்டீராய்டு வேண்டாதவர்களுக்கு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சார்ல்ஸ் சாயர்ஸும் வேதியியலாளர் மைக்கேல் ஜங்கும் வேறு வழியில் போனார்கள். ஹார்மோன் தயாரிப்பை நிறுத்துவதற்குப் பதில், அது போய் உட்காரும் ஏற்பியையே இறுக்கி அடைப்பது. அதுதான் என்சாலுடமைட். 2019-ல் வெளியான என்சமெட் ஆய்வில், 1,125 பேரில், மூன்று வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் பழைய முறையில் 72 சதவீதம், என்சாலுடமைட்டில் 80 சதவீதம்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, ஸ்டீராய்டு இல்லை, லிவர் டெஸ்டுக்காக ஓடுவதும் குறைவு. சுகர்காரர்களுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

ஆனால் இது மூளைக்குள் போகும். அலுப்பு வரும், சாதாரண அலுப்பில்லை. பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும் படுத்துக்கொள்ளும் அளவுக்கு. கால் தடுமாறி விழுவதும் உண்டு. ஏற்கெனவே ஹார்மோன் ஊசியால் எலும்பு மெலிந்தவர் குளியலறையில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கைப்பிடி பொருத்துவதும், வழுக்காத பாய் போடுவதும் இந்த மருந்தின் செலவில் சேர்த்தி. என்சமெட்டில் இந்த மருந்து சாப்பிட்டவர்களில் 7 பேருக்கு வலிப்பு வந்தது, மறுதரப்பில் ஒருவருக்கும் வரவில்லை. அபூர்வம்தான், ஆனாலும் வலிப்போ பக்கவாதமோ வந்தவர் யோசிக்க வேண்டும்.

அடுத்து மற்ற மாத்திரைகளோடு சண்டை. இது கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைக்க வைக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கும் வார்ஃபரின், வயிற்றுக்குப் போடும் ஒமிப்ரசோல், பிரஷர் மாத்திரைகள் சில எல்லாம் பலமிழக்கும். தினமும் ஏழெட்டு மாத்திரை விழுங்குபவர் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொட்டிக் காட்டுவது நல்லது.

விலை பற்றி ஒரு சேதி. இந்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2016-ல் நிராகரித்தது. உள்நாட்டு நிறுவனங்களின் ஜெனரிக் இங்கே கிடைக்க அது வழிவிட்டது. அதனால் மேல்நாட்டு விலையைப் படித்துவிட்டுப் பயந்து ஒதுக்க வேண்டாம். நாலு பிராண்டின் விலையைக் கேளுங்கள், பிராண்டுக்கு பிராண்டு வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும்.

யாருக்கு நல்லது: சுகர், ஸ்டீராய்டு ஆகாதவர், லேபுக்கு அடிக்கடி போக முடியாதவர். யாருக்கு வேண்டாம்: வலிப்பு, அடிக்கடி விழுபவர், நிறைய மாத்திரைக்காரர்.

## அபாலுடமைட், டாரோலுடமைட்

இரண்டும் என்சாலுடமைட்டின் பங்காளிகள். அபாலுடமைட் டைட்டன் ஆய்வில் அதே அளவு பலன் தந்தது. கால்வாசிப் பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது, தைராய்டும் குறையலாம். டாரோலுடமைட் மூளைக்குள் அதிகம் போகாது. அதனால் அலுப்பும் விழுவதும் குறைவு, மற்ற மாத்திரைகளோடு மோதலும் குறைவு. சாப்பாட்டோடு தினமும் இரண்டு வேளை. எழுபத்தைந்து வயதில் பத்து மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குப் பண வசதி இருந்தால், என் மனம் டாரோலுடமைட் பக்கம் சாயும்.

## ஒரே பார்வையில்

| | டோசிடாக்சல் | அபிராடிரோன் | என்சாலுடமைட் | டாரோலுடமைட் |
|---|---|---|---|---|
| எவ்வளவு காலம் | 18 வாரம் | பலன் தரும் வரை, வருடக்கணக்கில் | அதே | அதே |
| எப்படி | நரம்பில், டே-கேர் | வெறும் வயிற்றில், ஸ்டீராய்டோடு | எப்போது வேண்டுமானாலும், தினம் ஒருமுறை | சாப்பாட்டோடு இருவேளை |
| குறைந்த பரவலில் | லாபம் சந்தேகம் | உண்டு | உண்டு | உண்டு |
| சுகர் | ஏற்றும் நாளில் கவனம் | ஏறலாம் | பாதகம் குறைவு | பாதகம் குறைவு |
| பயப்பட வேண்டியது | காய்ச்சல், விரல் மரப்பு | பிரஷர், பொட்டாசியம், கல்லீரல் | விழுவது, வலிப்பு, அலுப்பு | மற்றவற்றைவிடக் குறைவு |
| மறைமுகச் செலவு | அட்மிஷன், துணையாளின் லீவு | ரத்தப் பரிசோதனைகள் | மற்ற மருந்துகளை மாற்றுவது | மருந்தின் விலையேதான் |

## இரண்டையும் சேர்த்தால்?

"எல்லாமே நல்லதுன்னா எல்லாத்தையும் குடுத்துடலாமே" என்று ஒரு மகள் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இரண்டு விதம்.

அபிராடிரோனையும் என்சாலுடமைட்டையும் சேர்ப்பதில் பிரயோஜனமில்லை. ஸ்டாம்பீட்டின் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்து கெர்ஹார்ட் அட்டார்ட் குழு 2023-ல் வெளியிட்ட முடிவு அது. பக்கவிளைவு கூடியது, ஆயுள் கூடவில்லை.

கீமோவோடு மாத்திரையைச் சேர்ப்பது வேறு கதை. 2022-ல் வந்த பீஸ்-1 ஆய்வில், அதிகப் பரவலோடு டோசிடாக்சலும் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அபிராடிரோனையும் சேர்த்தபோது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் சுமார் 3.5 வருடத்திலிருந்து 5.1 வருடமானது. அதே வருடம் அராசென்ஸ் ஆய்வில் டோசிடாக்சலோடு டாரோலுடமைட்டைச் சேர்த்தும் பலன் கண்டார்கள். அறுபது வயது, நல்ல உடம்பு, எலும்பெல்லாம் பரவல் என்றால் இந்த மும்மருந்து முறையைக் கேட்டே ஆக வேண்டும்.

குறைந்த பரவலுக்கு இன்னொன்று உண்டு, பலர் சொல்லாமல் விடுவது. புராஸ்டேட்டுக்கே கதிர்வீச்சு. பரவிய பிறகு மூலத்துக்கு வைத்தியம் எதற்கு என்று முன்பு நினைத்தார்கள். 2018-ல் ஸ்டாம்பீட் அதையும் சோதித்தது. குறைந்த பரவல் உள்ளவர்களில் மூன்று வருடம் உயிரோடிருந்தவர்கள் 73 சதவீதத்திலிருந்து 81 சதவீதமானார்கள். அதிகப் பரவலில் பலனில்லை.

## மருந்து மாற்றும் நாள் வரும்போது

எந்த மருந்தும் ஒரு நாள் சலித்துப்போகும். அபிராடிரோன் கேட்காமல் போனதும் என்சாலுடமைட்டுக்குத் தாவுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மாத்திரைக்கு மாத்திரை, சுலபம். ஆனால் ஒன்றுக்குப் பழகிய நோய் மற்றதையும் பெரும்பாலும் மதிக்காது. 2019-ல் வெளியான கார்ட் ஆய்வில், டோசிடாக்சலும் ஒரு மாத்திரையும் ஏற்கெனவே முடித்தவர்களில், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் அடுத்த மாத்திரைக்குப் போனவர்களுக்கு 11 மாதம், கபசிடாக்சல் கீமோவுக்குப் போனவர்களுக்கு 13.6 மாதம். ஆகவே ஆரம்பத்தில் எந்த மாத்திரை என்று தேர்ந்தெடுக்கும்போது, மற்றொன்று கையிருப்பில் இருக்கிறது என்று பெரிதாக நம்பிவிடாதீர்கள்.

கையிருப்பில் உண்மையிலேயே இருக்கக்கூடியது சிலருக்கு ஒலாபரிப் என்ற மாத்திரை. பிராக்கா (BRCA) என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேலை செய்கிறது என்று 2020-ல் காட்டியவர்களில் ஒருவர் அதே டி போனோ. அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, முதலில் எடுத்த பயாப்ஸியின் மெழுகு பிளாக், அதாவது சதைத் துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் கட்டி, வேண்டும். பெரியப்பாவுக்கு இதைக் கேட்டபோது லேபில் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆனது. பிளாக் பழசானால் டெஸ்டும் தோற்கலாம். எந்த மருந்தை எடுத்தாலும் சரி, இந்த மாதமே அந்த லேபுக்குப் போய், பிளாக் எண்ணைக் குறித்துக்கொண்டு, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கொடுப்பார்கள் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெயில் படாத அலமாரியில் ஃபைலோடு வையுங்கள்.